555 புத்தகத்தை வச்சு எம்.பி.ஏ.வுக்கு மனு போட்ட நம்ம அக்கா: பக்தர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள்

 

வழக்கமா நாங்க இங்க பூஜை நேரம், உபயக்காரர் அட்டவணை, கூழ் ஊத்துற நாள், இதைத்தான் போடுவோம். இன்னிக்கு வேற விஷயம், கொஞ்சம் நீளம். அன்னதானச் சமையல் கட்டுல வேலை செய்ற தொண்டர்கள் நாங்க ஏழு பேர் உட்கார்ந்து பேசி, சம்பந்தப்பட்ட அக்காவோட சம்மதத்தோட எழுதுறோம். பேர் மட்டும் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை சாப்பிட வர்றவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சாலும் மனசுக்குள்ளேயே வச்சுக்குங்க.

அக்காவுக்கு 49 வயசு. 1995-ல எஸ்.டி.பி.எம். எழுதினவங்க. நல்ல மார்க்குதான், ஆனா பல்கலைக்கழகத்துல இடம் கிடைக்கலை. அந்தக் கதை நம்ம வீடுகள்ல யாருக்கும் புதுசு இல்ல. அடுத்த வருஷமே அப்பா தவறிட்டார். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கீழே தம்பி தங்கச்சி மூணு பேர். அக்கா தொழிற்சாலைக்குப் போனாங்க. 28 வருஷமா அங்கேதான். இப்போ ஸ்டோர் சூப்பர்வைசர். மேனேஜர் வேலை காலியானா டிகிரி வச்சிருக்கிற யாராவது வருவாங்க. அவங்களுக்கு சரக்கு இருப்பு எப்படி எடுக்கிறதுன்னு அக்கா சொல்லிக் கொடுப்பாங்க. போன வருஷம் வந்த பையனுக்கு 27 வயசு. நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனா இப்படி நாலாவது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தப்பதான் அக்காவுக்கு ஏதோ விட்டுப்போச்சு.

போன தைப்பூசம் முடிஞ்ச வாரம், வெங்காயம் உரிக்கும்போது மெதுவா கேட்டாங்க: "எம்.பி.ஏ. படிக்க என்னை எடுத்துக்குவாங்களாடா?"

நாங்க சிரிச்சோம். அதை மறைக்க விரும்பல. இந்தப் பதிவு எழுத அதுவும் ஒரு காரணம். எங்கள்ல ஒருத்தர், "அக்கா, பேரப்பிள்ளை பாக்குற வயசுல எம்.பி.ஏ.வா?"ன்னு கேட்டார். இன்னொருத்தர், "டிகிரியே இல்லாம அதுக்கு மேலேயா?"ன்னார். பிரசாதம் வாங்க வந்த ஒரு அம்மா, "பிள்ளைங்க படிக்கட்டும்மா, நமக்கு எதுக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அக்கா ஒண்ணும் சொல்லல. வெங்காயத்தை உரிச்சாங்க.

அப்புறம்தான் எங்கள்ல படிச்ச தம்பி ஒருத்தன் தேடிப் பார்த்தான். வழி இருக்கு. எம்.கியூ.ஏ. நடத்துற ஏபெல் என்ற முறை. வேலையிலயும் வாழ்க்கையிலயும் கத்துக்கிட்டதை எடைபோட்டுப் பார்த்து, பல்கலைக்கழகத்துல சேர்றதுக்குத் தகுதி கொடுக்கிறாங்க. இளங்கலைக்கு 21 வயசுக்கு மேல இருக்கணும். முதுகலைக்கு 30 வயசுக்கு மேல, எஸ்.டி.பி.எம். இல்லேன்னா டிப்ளோமா அளவுல ஒரு சான்றிதழ், அதோட சம்பந்தப்பட்ட வேலை அனுபவம். ஒரு திறன் தேர்வு இருக்கு. அனுபவத்தை ஆதாரத்தோட விவரிக்கிற ஒரு கோப்பு குடுக்கணும், அதுக்குப் பேர் போர்ட்ஃபோலியோ. முதுகலைக்குன்னா நேர்முகமும் உண்டு. தேறினா சான்றிதழ் கிடைக்கும், அதை வச்சு மனு செய்யலாம். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்குல இருக்கிற வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்கதான் அதிகம். 40 வயசு மாணவரைப் பார்த்து அங்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. விதிமுறை அப்பப்போ மாறும், அதனால மனு போடுறதுக்கு முன்னாடி எம்.கியூ.ஏ. பக்கத்தைப் பார்த்துக்குங்க.

30 வருஷமா பீரோவுல, கல்யாணப் பட்டுக்கு அடியில கிடந்த எஸ்.டி.பி.எம். சான்றிதழை அக்கா எடுத்தாங்க. ஓரம் கறையான் அரிச்சிருந்தது. எண் தெரிஞ்சது, போதும்.

திறன் தேர்வுக்கு அக்கா பயந்தது கணக்குக்குத்தான். நம்ம ஞாயிற்றுக்கிழமை டியூஷன்ல படிக்கிற ஐந்தாம் படிவப் பையன் ஒருத்தன் மண்டபத்துல உட்கார்ந்து விகிதம், சதவீதம் எல்லாம் சொல்லிக் கொடுத்தான். "அக்கா, நீங்க பருப்பு அளக்கிறதே விகிதம்தான்"னு அவன் சொன்னதும் பயம் பாதி போயிடுச்சு. அவனுக்கு இப்போ வாரா வாரம் தனியா ஒரு டப்பா கேசரி போகுது. அதை நாங்க கண்டுக்கிறதில்ல.

கஷ்டம் வந்தது போர்ட்ஃபோலியோவுல.

தொழிற்சாலை அனுபவத்துக்குக் கம்பெனி கடிதம் கொடுத்தது, ரெண்டு வரி. இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்த வேலை, அவ்வளவுதான். ஆனா அக்கா நிர்வாகம்னு ஒண்ணை முழுசாச் செய்தது எங்கே? நம்ம கோயில்ல. 14 வருஷமா வெள்ளிக்கிழமை அன்னதானம் அவங்க பொறுப்பு. சாதாரண வெள்ளிக்கு 150 பேர், ஆடித் திருவிழாவுக்கு 600 பேர். யாரு என்ன வாங்கணும், எந்தக் கடையில கடன் சொல்லலாம், எந்த உபயக்காரர் பணம் எப்போ வரும், எந்தத் தொண்டருக்கும் எந்தத் தொண்டருக்கும் பேச்சு இல்ல, அதனால யாரை அடுப்புல விடணும் யாரைப் பரிமாற விடணும், எல்லாம் அவங்கதான். சம்பளம் வாங்காத ஆளுங்களை வேலை வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு சம்பளம் கொடுக்கிற முதலாளிக்குத் தெரியாது.

அதனால கோயில் நிர்வாகத்துகிட்ட ஒரு கடிதம் கேட்டோம். இந்தப் பொறுப்பை இத்தனை வருஷம் இவங்க பார்த்தாங்கன்னு. மூணு வாரம் ஆச்சு. மனசு இல்லாம இல்ல. நிர்வாகத்துல இருக்கிறவங்களும் வேலைக்குப் போயிட்டு வந்து தொண்டு செய்றவங்கதான், அதை நாங்க மறக்கல. எழுதுறதுக்கு ஆதாரம் தேடினப்போ ஒண்ணுமே இல்ல, அதுதான் பிரச்சினை. பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தோம். ஆண்டறிக்கை ஒவ்வொண்ணுலயும் ஒரே வரி: "அன்னதானம்: மகளிர் பிரிவு ஏற்பாடு". 14 வருஷத்துக்கு 14 தடவை அதே வரி. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்புற அறிக்கையில தலைவர், செயலாளர், பொருளாளர் பேர் இருக்கு. அக்கா பேர் எங்கேயும் இல்ல.

சரி, படம் இருக்குமேன்னு நாங்க பெருமையா சொன்னோம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் படம் எடுத்துப் போடுறது நாங்கதானே. ஒன்பது வருஷப் படத்தைத் தோண்டினோம். அக்கா இருக்கிற படம் மூணு. அதுல ஒண்ணுல முழங்கை மட்டும். மீதிப் படத்துல எல்லாம் வந்த பிரமுகர் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறார். அந்தக் கரண்டியை அக்காதான் கையில கொடுத்திருப்பாங்க. எங்களுக்கே வெட்கமா இருந்துச்சு.

இங்கதான் சில பெரியவங்க சொன்னதுக்குப் பதில் சொல்லணும். "தொண்டுன்னா பலன் எதிர்பாராம செய்றது. அதுக்கு லெட்டர் கேட்டா அது தொண்டா?" மரியாதைக்குரிய கேள்வி. நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனா நம்ம கோயிலைச் சுத்தி ஒரு தடவை நடந்து பாருங்க. மின்விசிறியில பேர் இருக்கு. டியூப் லைட்டுல பேர் இருக்கு, வெளிச்சத்தை விடப் பேர் பெருசா. தரை ஓட்டுல பேர். கை கழுவுற இடத்துக் குழாய்க்கு மேல "உபயம்" போட்டு ஒரு குடும்பத்துப் பேர். கொடுத்தவங்க பேரை எழுதுறது பக்திக்குக் குறை இல்லேன்னா, உழைச்சவங்க பேரை எழுதுறது மட்டும் எப்படிக் குறையாகும்?

இது நாங்க புதுசா கண்டுபிடிச்ச வழக்கமும் இல்ல. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்களோட பேரை வெட்டி வச்சிருக்கார். பேர் மட்டும் இல்ல, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும். கோயில்ல பணி செய்தவங்க பேரைக் கல்லுல எழுதின மரபு நம்மளோடது. நம்மகிட்ட கம்ப்யூட்டர் இருந்தும் ஒரு தாள்ல எழுத முடியல.

அக்காவைக் காப்பாத்தினது 555 புத்தகம். ஆமா, கடைக்காரர் கடன் எழுதுற அதே சின்னப் புத்தகம்தான். ஒவ்வொரு வெள்ளியும் வந்த ஆள் எண்ணிக்கை, போட்ட அரிசி எத்தனை கிலோ, மிஞ்சினது எவ்வளவு, மழையா வெயிலா, பள்ளி விடுமுறையா, எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. மொத்தம் 31 புத்தகம், பிஸ்கட் டின்னுல. எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, ஒரு புத்தகத்துல ரசம் கொட்டின அடையாளம். "மீந்த சோத்தைக் கொட்டுறப்போ வயிறு எரியும், அதுக்காக எழுதினேன்"னு சொன்னாங்க. அதைப் படிச்ச தம்பி, "அக்கா, இதுக்குத்தான் பாடமே இருக்கு, தேவை எவ்வளவுன்னு முன்கூட்டியே கணிக்கிறது"ன்னு குதிச்சான். புத்தகத்தைப் படம் எடுத்து, வருஷ வாரியா அட்டவணை போட்டு, ஆரம்பத்துல எவ்வளவு மிஞ்சிச்சு, இப்போ எவ்வளவு மிஞ்சுதுன்னு காட்டினாங்க. கடைசியா நிர்வாகமும் கடிதம் கொடுத்துச்சு. அந்தப் புத்தகங்களைப் பார்த்த பிறகு செயலாளர் ஐயாவே உட்கார்ந்து நல்லபடியா எழுதினார். அவருக்கு எங்க நன்றி.

போர்ட்ஃபோலியோ எழுதப் போறவங்களுக்கு, அக்கா பட்ட பாட்டுல இருந்து ஒரு விஷயம். "14 வருஷம் சமைச்சேன்"னு எழுதினா அது சேவை. அவங்க கேட்கிறது அதுல என்ன கத்துக்கிட்டீங்க, அதுக்கு என்ன அத்தாட்சி என்பது. அக்காவோட முதல் வரைவு முழுக்க "அம்மன் அருளால் நடந்தது"ன்னு இருந்துச்சு. அருள் உண்மைதான், ஆனா நேர்முகத்துக்கு அம்மன் வர மாட்டாங்க, நீங்கதான் போகணும்னு சொல்லித் திரும்ப எழுத வச்சோம். அதுக்காகப் பெருசாக்கியும் எழுதாதீங்க. ஒரு தம்பி "செயல்முறை இயக்குநர்"னு போடலாம்னான். அக்கா அடிச்சிட்டு "அன்னதானப் பொறுப்பாளர்"னு எழுதினாங்க. கடிதம் மலாய்லயோ ஆங்கிலத்துலயோ இருக்கணும், தமிழ்ல வாங்கினா மொழிபெயர்க்க வேற அலையணும்.

நேர்முகத்துல ரெண்டு பேர். 600 பேருக்குச் சமைச்சு 800 பேர் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டிருக்காங்க. "ஒரு மூட்டை அரிசி எப்பவும் பிரிக்காம இருக்கும், ஒரு அண்டா தண்ணி எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கும். இலையில பாயாசம், அப்பளம், பொரியலை முதல்ல வச்சு இருபத்தஞ்சு நிமிஷம் சம்பாதிப்போம், அதுக்குள்ள சோறு வெந்துடும்"னு சொல்லியிருக்காங்க. கூட்டம் கூடப்போகுதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி. அக்கா யோசிக்கவே இல்ல: "பூஜை நடக்கும்போது வெளியே போய்ச் செருப்பை எண்ணுவேன்."

ரெண்டு பேரும் எழுதிக்கிட்டாங்களாம்.

தேறிட்டாங்க. பகுதி நேர எம்.பி.ஏ.வுல இடமும் கிடைச்சிருச்சு. வகுப்பு ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது. எல்லாம் இனிப்பா இருக்குன்னு சொல்ல மாட்டோம். முதல் கட்டுரைக்கு மார்க் கம்மி, மேற்கோள் காட்டுற முறையே தெரியாதுன்னு. கணக்கியல் பாடம் படுத்துது. ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பாட்டு மேசையில படிக்கிறாங்க. வீட்டுக்காரர் முதல்ல முறைச்சார், இப்போ தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார்னு கேள்வி. கோயிலுக்கும் நஷ்டம் இருக்கு. சனிக்கிழமை அக்கா வர்றதில்ல. புரட்டாசிச் சனிக்கு நாங்க ஏழு பேர் திணறினோம். சாம்பார்ல உப்பு கூடினது எங்க தப்பு, மன்னிச்சுடுங்க.

பணத்தைப் பத்தி வெளிப்படையா பேசணும். அக்கா ஈ.பி.எஃப்.ல இருந்து எடுத்தாங்க. 2024 மே மாசத்துக்குப் பிறகு மூணு கணக்கா பிரிச்சிருக்காங்க இல்லையா, அதுல செஜாத்ரா கணக்குல இருந்து படிப்புக்கு எடுக்கலாம். முதுகலைன்னா எந்தத் துறையா இருந்தாலும் வருமான வரியில ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரைக்கும் கழிவு இருக்கு. ஆனா அது நம்ம முதுமைக்கு வச்ச காசு. அக்காவுக்கு ஓய்வு வயசு 60-க்கு இன்னும் 11 வருஷம் இருக்கு, படிச்சதை வச்சு உழைக்க நேரம் இருக்கு. 57 வயசுல, சேமிப்பு குறைவா இருக்கிற ஒருத்தர் எங்ககிட்ட வந்து கேட்டா, எம்.பி.ஏ. வேணாம், அதை விடச் சின்னதா, மலிவா ஒரு கணக்கியல் படிப்பு பாருங்கன்னுதான் சொல்வோம். பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து போடணும்னு மட்டும் ஆசைன்னா, அந்தக் காசுக்கு வீட்டுக் கூரையை மாத்துங்க.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அக்கா விஷயம் வெளியே தெரிஞ்ச உடனே ஒரு ஏஜெண்டு மண்டபத்துக்கே வந்துட்டார். சில ஆயிரம் வெள்ளி கொடுத்தா போர்ட்ஃபோலியோவை அவரே எழுதித் தருவாராம். வேற ஒருத்தர் ஆறு மாசத்துல டாக்டர் பட்டமே வாங்கித் தர்றேன்னார். மாலை, சால்வை, மேடை எல்லாம் சேர்த்து. நம்ம ஆளுங்க இதுல ஏமாந்து பணத்தைத் தொலைச்ச கதை நிறைய. எந்தப் படிப்பா இருந்தாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி எம்.கியூ.ஆர். பதிவேட்டுல அந்தப் படிப்போட பேர் இருக்கான்னு பாருங்க. எல்லாரும் இணையத்துல இலவசமா பார்க்கலாம். பதிவேட்டுல இல்லேன்னா கும்பிட்டு அனுப்பிடுங்க. போர்ட்ஃபோலியோவை வேற ஆள் எழுதினா, செருப்பு எண்ணுற பதில் அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போ எங்க வேண்டுகோள். வர்ற ஆண்டுக் கூட்டத்துல நாங்க ஒரு தீர்மானம் கொண்டு வரப் போறோம். கோயில்ல ஒரு பணிப் பதிவேடு வைக்கணும். யார், எந்தப் பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும். ஆண்டறிக்கையில "மகளிர் பிரிவு"ன்னு ஒரு வரியில முடிக்காம பேர் வரணும். படிப்புக்கோ வேலைக்கோ ஒரு தொண்டர் கடிதம் கேட்டா ரெண்டு வாரத்துல கொடுக்கணும், செய்யாத வேலையை எழுதக் கூடாது. பூ கட்டுற அம்மா, தேர் விளக்குக்கு வயரிங் பார்க்கிற அண்ணன், கார் நிறுத்துற இடத்தைப் பார்த்துக்கிற தம்பிங்க, எல்லாருக்கும் இது பொருந்தும். செலவு ஒரு கணக்குப் புத்தகம். உபயம் தர்றதுக்கு ஒரு அண்ணன் தயார். அட்டையில பேர் போட வேணாம்னும் சொல்லிட்டார்.

கூட்டத்துக்கு வர்ற உறுப்பினர்கள் கை தூக்கி ஆதரிக்கணும்னு கேட்டுக்கிறோம். எதிர்க்கிறவங்களும் வாங்க, பேசலாம், சாப்பாடு உண்டு.

அடுத்து, வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை அபிஷேகம் முடிஞ்சதும் மண்டபத்துல ஒரு மேசை போடுறோம். மேல படிக்கணும்னு நினைப்பு இருக்கிறவங்க, 35 ஆனாலும் 50 ஆனாலும், பழைய எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா, வேலைக் கடிதம், எது இருக்கோ எடுத்துக்கிட்டு வாங்க. எஸ்.பி.எம். முடிக்காதவங்களும் வாங்க. சான்றிதழ் படிப்பு, டிப்ளோமாவுக்கும் இதே மாதிரி வழி இருக்கு. அடையாள அட்டையை மறக்காதீங்க. பீரோவுல, சாமி மேடைக்கு அடியில, பிஸ்கட் டின்னுல எல்லாம் தேடிப் பாருங்க.

அக்கா பன்னிரண்டு மணி வரைக்கும் மேசையில இருப்பாங்க. அதுக்கு மேல இருக்க முடியாது, அடுத்த நாள் அவங்களுக்குக் கணக்கியல் தேர்வு.